வீடு மாறிய பிறகு சண்டைபோடும் முயல்களை மறுபடி ஜோடி சேர்ப்பது எப்படி?

பழைய வீட்டில் ஒட்டிப் படுத்து ஒன்றையொன்று நக்கிக்கொடுத்த இரண்டு முயல்கள், புது வீட்டுக்கு வந்த வாரத்திலேயே ரோமம் பறக்க அடித்துக்கொள்வது அரிதே அல்ல. முயல் தன் இடத்தை மணத்தால் அறியும். தாடைக்கு அடியிலுள்ள சுரப்பியை மேசைக் காலிலும் கதவோரத்திலும் தேய்த்து, மூலைக்கு மூலை சிறுநீரும் புழுக்கையும் விட்டு, எது யாருடைய இடம், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதையெல்லாம் எப்போதோ தீர்த்து வைத்திருக்கும். சாமான் வேனில் ஏறியதோடு அந்த ஏற்பாடு முடிந்துபோகிறது. புது வீட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தீர்க்க வேண்டும். அதைத் தீர்க்கும் முறைதான் நாம் பார்க்கும் சண்டை.

பெரும்பாலான பழைய ஜோடிகள் மறுபடி சேர்ந்துவிடும். துரத்தலோடு நின்ற சண்டை என்றால் நாலைந்து வாரம் பிடிக்கும். ரத்தம் வந்திருந்தால் மூன்று மாதம் வரை ஆகலாம். கருத்தடை ஆகாத முயல்கள் என்றால் ஆபரேஷனுக்குப் பின் காத்திருக்கும் ஆறு முதல் எட்டு வாரத்தையும் கணக்கில் வையுங்கள். காரியத்தைக் கெடுப்பது அநேகமாக ஒன்றுதான்: "விட்டா தானா பழகிடும்" என்று மறுநாளே ஒரே கூண்டில் விடுவது. கடிபட்ட முயல் அதை மறக்காது. ஒரு பெரிய சண்டை நடந்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

சென்னை, கோவை மாதிரி ஊர்களில் ஃபிளாட்டில் வளர்ப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். நம் வெயிலும் வழுக்கும் டைல்ஸ் தரையும் இந்த வேலையில் பெரிய விஷயங்கள். குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்கள் இவற்றில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

1. உடனே பிரியுங்கள், ஆனால் ஒன்றின் மணம் மற்றதை எட்டட்டும்

எல்லா உரசலும் சண்டை ஆகாது. ஒன்று மற்றதைக் கொஞ்சதூரம் துரத்துவது, முதுகில் ஏறுவது, வாயில் நாலு ரோமம் ஒட்டியிருப்பது, லேசாக ஒரு கடி கடித்து விலகுவது எல்லாம் யார் பெரியவர் என்ற பேச்சுவார்த்தை. தப்பி ஓடும் முயலை விடாமல் துரத்தி மூலையில் மடக்குவது, காதைப் பின்னால் ஒட்டவைத்து வாலை உயர்த்திக்கொண்டு பாய்வது, இரண்டும் வட்டமாகச் சுழன்று வயிற்றோடு வயிறு பின்னிக்கொண்டு உருள்வது ஆகியவை நிஜச் சண்டை. அந்தச் சுழற்சியைப் பார்த்துவிட்டால் யோசிக்க நேரமில்லை. காதை, விரையை, கண்ணிமையைக் கிழிக்கச் சில நொடி போதும்.

வெறுங்கையை நடுவில் நீட்டாதீர்கள். முயலின் கடி ஆழமாக இறங்கும், அதுவும் உங்கள் கை என்று தெரியாமல்தான் கடிக்கும். முறம், அட்டைப்பெட்டியின் பக்கம், தடித்த தலையணை, கையில் எது கிடைத்தாலும் நடுவில் செருகுங்கள். பிரிந்ததும் ஒன்றின்மேல் துண்டைப் போட்டு எடுங்கள். தண்ணீர் தெளிப்பதைப் பலர் சொல்வார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. வெறியில் இருக்கும் முயலுக்குத் தண்ணீர் உறைக்காது, காதுக்குள் போனால் வேறு வம்பு.

பிரித்தபின் ஒன்றை ஹாலிலும் மற்றதைப் பால்கனியிலும் வைத்துவிடுவது அடுத்த தவறு. சில நாள் மணமே படாமல் இருந்தால் பழைய ஜோடி அந்நியனாகிவிடும். ஒரே அறையில், நடுவில் வலை. அதை எப்படி அமைப்பது என்று நாலாவது படியில் இருக்கிறது. அதுவரை தனித்தனிக் கூண்டு இரண்டு அடி இடைவெளியில் இருந்தால் போதும்.

2. காயத்தையும் வயிற்றையும் பாருங்கள்

ரோமம் அடர்த்தி என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் காயம் தெரியாது. நல்ல வெளிச்சத்தில் ரோமத்தை ஊதி ஊதி விலக்கிப் பாருங்கள். காதோரம், கண்ணிமை, மூக்கு, பிட்டம், தொடை உட்புறம், ஆணானால் விரைப்பை. பல் குத்திய துளை சின்னதாகத்தான் இருக்கும். மேலே காய்ந்து மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும். முயலின் சீழ் நீராக வடியாது, பற்பசை மாதிரி கெட்டியாக இருக்கும். அதனால் தானாக உடைந்து ஆறாது, பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். சண்டைக்குப் பின் பத்து நாளாவது தினமும் விரலால் தடவிப் பார்த்தால் கட்டி பட்டாணி அளவிலேயே கைக்குத் தட்டுப்படும்.

புண்ணைச் சலைனால் கழுவினால் போதும். டெட்டால், மஞ்சள்தூள், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம், அத்தனையையும் நக்கி விழுங்கிவிடும். ஈ உட்காராமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம். நம் ஊர்ச் சூட்டில் திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

வயிறு இன்னும் அவசரமானது. பயந்த முயல் சாப்பாட்டை நிறுத்திவிடும், சாப்பிடாத முயலுக்குக் குடல் நின்றுபோகும். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னவில்லை, புழுக்கை வரவில்லை அல்லது மிளகு அளவுக்குச் சிறுத்துவிட்டது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். ஒன்றரைக் கிலோ முயல் இரண்டு நாளில் நூறு கிராம் இறங்கினால் எதுவோ சரியில்லை.

வீடு மாறியதால்தான் சண்டை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளுக்குள் வலியே காரணமாக இருப்பதும் உண்டு. கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கைக் குத்துவது, காதுச் சொறி, பாதப் புண். வலியுள்ள முயல் தன்னை நக்க வந்ததையும் கடிக்கும். ஆகவே காயம் இல்லாவிட்டாலும் இரண்டையும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

எங்கே காட்டுவது? தெருமுனை கிளினிக்கில் நாய், பூனைதான் அதிகம் வரும். போகுமுன் போன் செய்து, முயல் பார்ப்பீர்களா, முயலுக்கு ஆபரேஷன் செய்த பழக்கம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளோடும் மருத்துவமனைகள் உண்டு. கட்டணம் தனியாரைவிடக் குறைவு, காத்திருக்கும் நேரம் அதிகம். வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். இரண்டும் தனித்தனிப் பெட்டியில், பக்கத்தில் பக்கத்தில் வரட்டும்.

மருந்துச் சீட்டை வாங்கியதும் படித்துப் பாருங்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், லிங்கோமைசின் இவற்றை வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிர்கள் குலைந்து சாகக்கூடும். உண்ணிக்கு நாய்க்குப் போடும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு ஆகாது. இவை எழுதியிருந்தால், "முயலுக்கு இது சரிதானா, டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

வீடு மாறியவர்கள் பழைய மருத்துவரிடமிருந்து வாங்கி வைக்க வேண்டிய காகிதங்கள்: கருத்தடை நடந்த தேதி, அப்போது கொடுத்த மயக்க மருந்து, முந்தைய நோய்களும் மருந்துகளும், கடைசி எடை. வாட்ஸப்பில் போட்டோவாக வந்தாலும் போதும். வாடகை ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி பற்றி என்ன இருக்கிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இனி சில வாரங்களுக்கு இரவு இரண்டு மணிக்குப் பின்னங்காலால் தரையைத் தட்டும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கத்தான் போகிறது.

3. ஆணா, பெண்ணா, கருத்தடை ஆனதா?

கடைக்காரர் "ரெண்டும் பொட்டை" என்று சொல்லிக் கொடுத்ததை நம்பியே பல வீடுகளில் காலம் ஓடும். குட்டியில் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது கடினம், தவறு நிறைய நடக்கிறது. மருத்துவரிடம் போயிருக்கும்போதே இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள்தான். ஒரு மாதம் அசந்தால் குட்டிகள் வந்து நிற்கும்.

கருத்தடை ஆகாத இரண்டு ஆண்களை மறுபடி சேர்க்க முயல்வது வீண். கருத்தடை ஆகாத இரண்டு பெண்களும் சீராக இருக்கமாட்டா. ஒன்றுக்குப் பொய்ச்சினை வந்தால், வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு அலைந்து நெஞ்சு ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டும். அந்த இரண்டரை வாரமும் பக்கத்தில் வருவதையெல்லாம் கடிக்கும். ஒரு ஆண், ஒரு பெண், இரண்டும் கருத்தடை ஆனவை. எளிதில் சேரும் ஜோடி இதுதான்.

ஆணுக்கு நாலு மாதத்திலிருந்தும் பெண்ணுக்கு ஐந்தாறு மாதத்திலிருந்தும் செய்யலாம். ஆபரேஷனுக்குப் பின் ஆண் ஆறு வாரம் வரை கருவுறச் செய்யக்கூடும், ஆகவே ஆறு வாரம் கழிந்தே சந்திப்பு. பெண்ணுக்கு இரண்டு வாரத்தில் தையல் ஆறினாலும் ஹார்மோன்கள் அடங்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இந்தக் காத்திருப்பு வீணாகாது, நாலு, ஐந்து, ஆறாம் படிகளை இதற்குள் முடித்துவிடலாம்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. நாய் பூனைக்குச் சொல்வதுபோல "நேத்து ராத்திரியிலிருந்து எதுவும் குடுக்காதீங்க" என்று முயலுக்கும் சொல்லும் கிளினிக்குகள் உண்டு. முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி போட்டால் குடல்தான் நிற்கும். ஆபரேஷனுக்கு முன்பு வரை புல் இருக்க வேண்டும், மயக்கம் தெளிந்ததும் மறுபடி புல் இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரச் சொல்லும் இடத்தில் முயல் ஆபரேஷன் அனுபவம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த முழு வேலையில் பெரிய செலவு ஆபரேஷன்தான். ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் தொகை பல மடங்கு மாறும், பெண்ணுக்கு ஆணைவிட எப்போதும் கூட. தொகையைக் கேட்கும்போது அதில் எவை அடக்கம் என்று பிரித்துக் கேளுங்கள்: முன் ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து (வாயுவா, ஊசியா), வலி மருந்து, மறுபார்வை. வலி மருந்து சேராத மலிவு ஆபரேஷன் கடைசியில் மலிவாக முடியாது. வலியில் சாப்பிடாத முயலோடு மறுநாளே திரும்பப் போய் நிற்பீர்கள்.

4. பக்கத்துப் பக்கத்துக் கூண்டு

ஆளுக்கு நாலடிக்கு நாலடியாவது வேண்டும். சுவரைப் பின்பக்கமாக வைத்து இரண்டையும் ஒட்டி அமைத்தால், ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் நாலடி, இரு பக்கவாட்டிலும் நாலு நாலடி, ஆக மொத்தம் 24 அடி நீள வலை. மடிப்புக்கும் கதவுக்கும் இரண்டடி கூட்டி 26 அடி, மூன்றடி உயரத்தில். சுவரை நோண்டும் முயலானால் பின்பக்கத்துக்கும் எட்டடி சேருங்கள்.

ஹார்டுவேர் கடையில் வெல்டு மெஷ் என்று கேளுங்கள். ஓர் அங்குலக் கட்டம், கொஞ்சம் கனமான கம்பி. அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை வேண்டாம், மெல்லிய கம்பியைக் கடித்து வளைத்துவிடும், நகமும் மாட்டும். வெட்டிய விளிம்பில் கம்பி முனைகள் ஊசி மாதிரி நிற்கும். பழைய தோட்டக் குழாயை நீளவாட்டில் கீறி அந்த விளிம்பில் மாட்டிவிட்டால் போதும். கேபிள் டையில் கட்டினால் முடிச்சு வெளிப்பக்கம் இருக்கட்டும். நாய்க்குட்டிக்கு விற்கும் மடக்கு வேலி ஏற்கெனவே இருந்தால் அதுவே தாராளம், கம்பிகளுக்கு நடுவே தலை நுழைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நடுவில் ஒற்றை வலை போடாதீர்கள். இரண்டு வலைகள், இடையில் மூன்று நாலு அங்குலம். ஒற்றை வலையில் மூக்கை நீட்டிய முயலின் உதட்டை மற்றது கடித்துவிடும். தூங்கும்போது வலைக்கு அப்பால் நீண்டிருக்கும் கால்விரலும் அப்படியே.

இடம் தேர்வதில் ஃபேன் காற்றும் நிழலும் முக்கியம். அறை வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குக் கஷ்டம். கோபமாய் இருக்கும் முயலுக்கு உடம்புச் சூடு இன்னும் சீக்கிரம் ஏறும். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றிக் கூண்டுக்கு ஒன்று வைத்தால் அதில் சாய்ந்து படுக்கும். தெருநாயோ பக்கத்து வீட்டுப் பூனையோ கண்ணில் படும் ஜன்னலோரம் வேண்டாம். பூனைமேல் வந்த ஆத்திரத்தைப் பக்கத்து முயல்மேல் தீர்த்துக்கொள்ளும்.

5. வீட்டின் மணத்தை அடக்குங்கள்

புது வீடு என்றால் பால் காய்ச்சியிருப்பீர்கள், ஹோமப் புகை போட்டிருப்பீர்கள், பெயின்ட் வாடை இருக்கும். போதாததற்கு ஃபினாயில். முயலின் மூக்குக்கு இத்தனையும் சேர்ந்தால் தாங்காது. முயல் இருக்கும் அறையில் ஃபினாயில், அந்துருண்டை, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் நான்கையும் நிறுத்துங்கள். கொசுவுக்கு வலை போதும்.

தரையை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். சிறுநீர் காய்ந்து வெள்ளையாகப் படிந்த இடத்தில் வினிகரை அப்படியே ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் கரைந்துவிடும். அரை லிட்டர் பாட்டில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், இரண்டு வாங்கி வையுங்கள். முன்பு குடியிருந்தவர்கள் நாயோ பூனையோ வளர்த்திருந்தால் கதவுச் சட்டம், சுவரின் கீழ் ஓரம், பால்கனி மூலை இவற்றைக் கட்டாயம் துடைக்க வேண்டும்.

ஆனால் முயல்களின் சொந்தச் சாமானைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். பழைய வீட்டிலிருந்து வந்த கழிவுத் தட்டும் (லிட்டர் ட்ரே) துணியும் கொஞ்சம் அழுக்காகவே இருக்கட்டும். அந்த வீட்டு மணம் மிச்சம் இருப்பது அதில் மட்டுந்தான்.

6. மணத்தை மாற்றிக்கொடுங்கள்

நாளுக்கு ஒருமுறை இரண்டின் கழிவுத் தட்டுகளை மாற்றி வையுங்கள். நாலைந்து நாள் கழித்துத் தட்டை விட்டுவிட்டு முயல்களையே மாற்றுங்கள்: இது அதன் கூண்டுக்கு, அது இதன் கூண்டுக்கு, ஒன்றுவிட்டு ஒருநாள். முதல் தடவை தரையெல்லாம் முகர்ந்து, தாடையைத் தேய்த்து, சிலசமயம் கோபத்தில் தட்டையே கவிழ்த்துப்போடும். பரவாயில்லை.

சாப்பாட்டை வலையோரமாக வையுங்கள். தொடக்கத்தில் வலையிலிருந்து ஓரடி தள்ளி, நாள் போகப்போக நெருக்கி. கொத்தமல்லி, புதினா, அருகம்புல், கேரட் தழை எல்லாம் இதற்கு ஏற்றவை. பிடித்த தீனியை இந்த நேரத்தில் மட்டும் கொடுத்தால் பக்கத்து முயல் வரும்போது நல்லது வருகிறது என்று பழகும். முக்கிய உணவு எப்போதும்போல் புல்லும் காய்ந்த புல்லும்தான். திமோத்தி ஹே என்ற காய்ந்த புல் கிலோவுக்குச் சில நூறு ரூபாய் ஆகிறது என்பதால், வேர்க்கடலைக்கொடி, குதிரைமசால், வேலிமசால் என்று மாற்றுகிறார்கள். இவையெல்லாம் பயறுவகை, சுண்ணாம்புச் சத்து கூடுதல். வளர்ந்த முயலுக்குத் தினசரி உணவாக ஆக்காமல் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள்.

அடுத்த படிக்கு எப்போது போவது? வலையோரம் சீறாமல், பாயாமல், இரண்டும் தின்ன வேண்டும். பிறகு வலைக்கு அருகில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். எதிராளிக்கு முதுகைக் காட்டித் தன்னைத்தானே நக்கிக்கொண்டிருப்பது இன்னும் நல்ல அறிகுறி. இவை ஒரு வாரமாவது தொடர்ந்து நடக்கட்டும். இந்தக் கட்டத்துக்கு இரண்டு வாரத்துக்குக் குறைத்து நேரம் ஒதுக்காதீர்கள்.

7. பொது இடம்

முதல் சந்திப்பு நடக்கும் இடம் இரண்டுக்குமே சொந்தமில்லாததாக இருக்க வேண்டும். புது வீடு என்பதில் உங்களுக்கு இருக்கும் ஒரே லாபம் இதுதான்: முயல்கள் இன்னும் கால் வைக்காத அறை ஒன்று மிச்சமிருக்கும். அதைப் பூட்டி வையுங்கள். "பாவம், கொஞ்சம் ஓடட்டுமே" என்று முதல் வாரத்திலேயே வீடு முழுக்கத் திறந்துவிட்டவர்கள் பிறகு பக்கத்து வீட்டு அறையைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

குளியலறையைப் பலர் சொல்வார்கள். நம் குளியலறை ஈரம், வாடை, வழுக்கல் மூன்றும் சேர்ந்தது. வழுக்கும் தரையில் முயல் பின்னங்காலை வேகமாக உதறினால் முதுகெலும்பே முறியலாம். வேறு வழியில்லை என்றால் ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, யோகா மேட் விரித்து, அதன்மேல் ஜமுக்காளம் போடுங்கள். மொட்டை மாடி கூடாது. வெயில், பருந்து, காக்கை, கைப்பிடிச் சுவர் இடுக்கு என்று அங்கே எல்லாமே ஆபத்து.

நாலடிக்கு நாலடி வலையடைப்பு தொடக்கத்துக்குப் போதும். அதைவிடப் பெரிதானால் துரத்தலுக்கு வேகம் கிடைக்கும், சிறிதானால் விலக இடமிருக்காது. உள்ளே இரண்டு குவியல் புல், இரண்டு பக்கமும் திறந்த அட்டைப்பெட்டி ஒன்று. ஒரு வாசல் மட்டும் உள்ள பெட்டி வேண்டாம், அதில் மடக்கிக் கடிக்கும்.

காரில் ஏற்றிச் சுற்றினால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்ற யோசனை ஒன்று உலவுகிறது. ஒட்டிக்கொள்வது உண்மைதான். பயத்தில் உறைந்து நிற்பதை நட்பு என்று எடுத்துக்கொள்வதுதான் பிசகு, வண்டி நின்றதும் சண்டை மீண்டும் தொடங்கும். நம் வெயிலில் மூச்சிரைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். வேண்டாம்.

8. சந்திப்புகள்

இரண்டு நாள் முன்பே இரண்டின் நகத்தையும் வெட்டிவிடுங்கள். நேரம், விடியற்காலை ஐந்தரை முதல் ஏழு அல்லது பொழுது சாய்ந்த பிறகு. கத்திரி வெயில் நாட்களிலும் தீபாவளி வெடி வாரத்திலும் தொடங்காதீர்கள், அப்போது வலைக்கு இருபுறமும் வைத்திருக்கும் கட்டத்தையே நீட்டுங்கள். வெல்டிங் கையுறையோ வண்டியோட்டும் தடித்த கையுறையோ போட்டு, முழுக்கால் சட்டையோடு அடைப்புக்குள்ளேயே உட்காருங்கள். முறம் மடியில். போன் வேறு அறையில்.

முதல் சந்திப்பு பத்து நிமிடம். என்ன நடக்கும் என்றால், கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. இரண்டும் எதிரெதிர் மூலையில் புல் தின்பதுபோல் பாவனை செய்யும். பிறகு ஒன்று மெல்ல வரும். மூக்கோடு மூக்கு. ஒன்று தலையைத் தரையோடு தாழ்த்தி, தாடையை ஒட்டவைத்து, கண்ணைப் பாதி மூடி அசையாமல் கிடக்கும். பணிவு மாதிரி தெரிந்தாலும் அது "என்னை நக்கு" என்ற கட்டளை. மற்றது நக்கினால் காரியம் பாதி முடிந்தது. மற்றதும் அதேபோல் தலையைத் தாழ்த்தினால் இருவரும் காத்துக் கிடப்பார்கள். பொறுமை முதலில் தீர்ந்தது எதுவோ அது கடிக்கும்.

அந்தக் காத்திருப்பு அரை நிமிடத்தைத் தாண்டும்போது உங்கள் கை உள்ளே போக வேண்டும். ஒரே கையின் விரல்களால் இரண்டு நெற்றியையும் மாறிமாறி வருடுங்கள், கண்ணுக்கு மேலிருந்து காதடி வரை. மணமும் கலக்கும், மற்றது நக்கியதாகவே ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும். நெற்றியில் வாழைப்பழத்தைத் துளி தடவிவிட்டால் நக்கத் தொடங்குவதும் உண்டு. துளி என்றால் துளிதான்.

முதுகில் ஏறினால் பத்துப் பதினைந்து நொடி விடுங்கள், கீழே உள்ளது தவித்தால் இறக்குங்கள். முகத்துப் பக்கம் ஏறினால் உடனே இறக்கிவிட வேண்டும். கீழேயிருந்து கடித்தால் மேலே உள்ளதன் பிறப்புறுப்பு கிழியும். காது பின்னால் போய் வால் எழும்பினால் முறத்தை நடுவில் வையுங்கள். சுழற்சி தொடங்கும்வரை காத்திருக்கக் கூடாது.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடிப்பதுதான் சாமர்த்தியம். "இன்னும் அஞ்சு நிமிஷம் பார்க்கலாம்" என்பதில்தான் சண்டைகள் வெடிக்கின்றன. இரண்டும் அமைதியாகத் தின்னும் நேரம் பார்த்துத் தூக்குங்கள். தினமும் ஒன்று அல்லது இரண்டு சந்திப்பு, மூன்று நல்ல சந்திப்புக்குப் பின் ஐந்தைந்து நிமிடம் கூட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவையுங்கள்: எவ்வளவு நேரம், யார் ஏறியது, யார் நக்கியது, எத்தனை முறை தடுத்தீர்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் போக்கு தெரியும். நினைவை நம்பினால் கடைசிக் கடி மட்டுமே மனதில் நிற்கும்.

சண்டை நடந்துவிட்டால் மூன்று நாலு நாள் சந்திப்பை நிறுத்தி வலைக்கு இருபுறமும் வைக்கும் கட்டத்துக்குத் திரும்புங்கள், அடுத்ததை மறுபடி பத்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். காயம் பட்டிருந்தால் ஆறும்வரை பொறுங்கள்.

9. இரண்டு நாள் காவல்

ஒரு மணி நேரச் சந்திப்புகள் ஒரு வாரம் தொடர்ந்து தடையில்லாமல் போனால், சனி ஞாயிறு பார்த்து 48 மணி நேரம் பிரிக்காமல் விட வேண்டும். அதே அடைப்பு, அதே ஜமுக்காளம். இரவில் பாயை விரித்து அடைப்புக்குப் பக்கத்திலேயே படுங்கள். ஆபத்தான நேரம் பின்னிரவும் விடியலும், அப்போதுதான் முயல் சுறுசுறுப்பாகும். வீட்டில் இருவர் இருந்தால் முறைவைத்து விழிப்பது நல்லது.

ஒட்டிப் படுத்து, இரண்டில் ஒன்றாவது மற்றதை நக்கி, தட்டைப் பகிர்ந்தால் சேர்ந்துவிட்டன. தட்டில் ஒன்றாக உட்கார்ந்து புல் மென்றபடியே புழுக்கை போடும் காட்சியைத்தான் முயல் வளர்ப்பவர்கள் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். இந்தக் கட்டத்துக்குப் பின் "ராத்திரிக்கு மட்டும்" என்று பிரித்து வைக்காதீர்கள், ஒவ்வொரு பிரிவும் கணக்கைத் திரும்பத் திறக்கும்.

10. இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள்

நிரந்தர இடத்தை வினிகரால் துடைத்து, சாமான்களின் அமைப்பை மாற்றி, சந்திப்பு அடைப்பிலிருந்த தட்டையும் ஜமுக்காளத்தையும் அப்படியே கொண்டுபோய் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். தண்ணீர்க் கிண்ணம் இரண்டு, புல் இரண்டு மூன்று இடத்தில், ஒளிய இரண்டு வாசல் பெட்டி இரண்டு.

பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டடி இரண்டடியாக வலையை நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் கொஞ்சம் துரத்தல் இருக்கும். அது மிஞ்சினால் முயல்களைப் பிரிக்காமல் முந்தைய அளவுக்கே வலையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பத்தடிக்கு ஆறரை அடி கிடைத்துவிட்டால் ஒரு ஜோடிக்கு நல்ல இடம். பால்கனியைக் கடைசியில் திறக்கலாம்.

11. சேரவே இல்லை என்றால்

மூன்று மாதம் முறையாகச் செய்தும் ஒவ்வொரு சந்திப்பும் காயத்தில் முடிந்தால் நிறுத்திவிடலாம். மருத்துவரிடம் மறுபடி ஒருமுறை பல், காது, மூட்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரி என்றால் இரட்டை வலையை நிரந்தரமாக்கிவிடுங்கள். வலைக்கு இருபுறமும் ஒட்டிப் படுக்கும் முயல்களுக்குத் துணை கிடைத்துவிட்டது. காலையில் ஒன்று, மாலையில் மற்றது என்று முறைவைத்து வெளியே விட்டால் ஓட்டமும் கிடைக்கும். ஒன்றைப் பார்க்கில் விட்டுவிடுவது மட்டும் வேண்டாம், வீட்டு முயல் வெளியே பிழைப்பது அரிது.

சேர்ந்துவிட்டவர்களுக்கு ஒரு விதி. இனி ஒன்றுக்கு ஊசி போடப் போனாலும் இரண்டும் ஒரே பெட்டியில் போய்வர வேண்டும். மருத்துவமனை வாடையோடு ஒன்று மட்டும் திரும்பி வந்தால் மறுபடி சண்டை. அடுத்த வீட்டுக்கு மாறும்போதும் அதே ஒரே பெட்டி, கழுவாத தட்டு, முதல் இரண்டு வாரம் ஒரு சிறிய அடைப்பு, யாரும் நுழையாத பூட்டிய அறை ஒன்று.